லைன் இல்லாவிட்டாலும் திறக்கும்

சென்னையில் அலுவலகப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது கட்சால் தீவிலிருந்து நர்ஸ் ரோஸ்லின் பேசினார். "மரகதம் அக்கா போயிட்டாங்க சார். டெலானிபூர் வீட்ல தனியா இருந்தப்போ. ரெண்டு நாள் கழிச்சுத்தான் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கே தெரிஞ்சிருக்கு." அடக்கமும் முடிந்துவிட்டிருந்தது. அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் கட்சாலுக்கு ரப்பர் பால் வெட்ட வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. அங்கேயே பிறந்தவர். சுனாமியில் தாயையும் தகப்பனையும் இழந்தார். ஆஸ்பத்திரிக் காகிதங்களும் அன்று கடலோடு போயின. யாருக்கு என்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தார். சிறு மருத்துவமனைகள் நோயாளிகளின் விவரங்களைத் தங்கள் கணினியிலேயே பதிந்து, தேடி எடுக்க உதவும் ஒரு தரவுத்தள மென்பொருள். டெலானிபூர் வீட்டில் இருந்தபடி அவர் எழுதுவார், நான் கப்பலேறித் தீவு தீவாகப் போய் நிறுவித் தருவேன்.

ஒருமுறை வண்டூரில், நாங்கள் நிறுவித் தராத ஒரு மருத்துவமனையில் எங்கள் மென்பொருள் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டேன். முகப்பில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. ஆனால் 'ஒவ்வாமை' என்பதை மரகதம் தவறுதலாக 'ஒவ்வமை' என்று எழுதிவிட்ட பிழை உள்ளே அப்படியே இருந்தது. நான் கொதித்துப்போய் வந்து சொன்னேன். அவர் சிரித்தார். "பேரை மாத்தினவன் அந்த எழுத்தையும் திருத்தியிருக்கலாம்ல அண்ணே?"

பூட்டுப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். திறக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் இணையம் வழியே எங்கள் சர்வரைக் கேட்க வேண்டும். அந்தக் கணினி எங்கள் பட்டியலில் இருந்தால் மட்டுமே திறக்க வேண்டும்.

"நம்ம தீவுல லைன் கிடைக்கிறதே அதிசயம். லைன் பந்த் ஆயிட்டா?" என்று கேட்டார்.

"வரும்வரைக்கும் காத்திருக்கட்டும்" என்றேன். அரைமனதோடு எழுதித் தந்தார்.

அந்த மழைக்காலத்தில் மூன்று நாட்கள் இணைய இணைப்பு அறுந்து கிடந்தது; தொலைபேசி மட்டும் விட்டுவிட்டு வேலை செய்தது. மூன்றாம் நாள் மத்தியானம் தொலைபேசியில் ரோஸ்லின். தோட்டத் தொழிலாளி ஒருவர், காலில் வெட்டுக்காயம் புரையோடி, நினைவில்லாமல் கிடக்கிறார்.

"ஏதோ ஒரு ஊசி இவருக்கு ஒத்துக்காதுன்னு கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வெச்சிருக்கேன் அக்கா. எந்த ஊசின்னு ஞாபகமில்ல. உங்க புரோகிராம் திறக்க மாட்டேங்குது. டாக்டர் இருக்கிற ஊசியைப் போட்டுறலாம்ங்கிறார்."

"போடாதீங்க. போனை வைக்காதீங்க."

வேறொரு பழுதைப் பார்ப்பதற்காகக் கட்சால் ஆஸ்பத்திரியிலிருந்து போன மாதம் கப்பலில் அனுப்பியிருந்த சிடி மரகதத்தின் அலமாரியில் இருந்தது. அதில் கட்சால் நோயாளிகளின் விவரங்கள் இருந்தன. பூட்டு இல்லாத தன்னுடைய சொந்தப் பிரதியில் அதைத் திறந்தார்.

"பென்சிலின். ரோஸ்லின், கேக்குதா? பென்சிலின் ஒத்துக்காது."

"சிரிஞ்சுல ஏத்தியாச்சு அக்கா" என்றார் ரோஸ்லின். "கொட்டிடறேன்." அந்தத் தொழிலாளி பிழைத்தார்.

மரகதம் ரிசீவரை வைத்துவிட்டு வெளிப்படியில் போய் உட்கார்ந்தார். "அந்த சிடி எங்கிட்ட இல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

மறுநாளே மாற்றி எழுதத் தொடங்கிவிட்டார். லைன் இருந்தால் சரிபார்க்கும். இல்லையென்றால் கேள்வி கேட்காமல் திறந்துவிடும்.

"கேபிளைப் பிடுங்கிட்டாப் போதும்னு ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருவாங்க" என்று கத்தினேன்.

"கண்டுபிடிக்கட்டும். திருடிட்டுப் போனவன் ஆஸ்பத்திரியிலயும் நோயாளிதானே அண்ணே படுத்திருக்கான்."

நான் சொன்னபடியேதான் நடந்தது. பிரதிகள் தீவுகளெங்கும் பரவின. காசு கொடுத்து எங்களிடம் வாங்க யாரும் வரவில்லை. நான் கோபத்தோடு மெயின்லேண்டுக்குக் கப்பலேறினேன். வழியனுப்ப அவர் துறைமுகத்துக்கு வந்திருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் டெலானிபூரில் அவர் தனியாகத்தான் இருந்தார். ரோஸ்லின் சொல்லித்தான் மற்றது எனக்குத் தெரியும். "திருட்டுக் காப்பி வெச்சிருக்கவங்களும் அவங்களுக்குத்தான் போன் பண்ணுவாங்க சார். யாரு, எங்கேருந்துன்னு கேக்கவே மாட்டாங்க. 'க்யா பிராப்ளம் ஹே, என்ன கோளாறு, அதைச் சொல்லுங்க'ம்பாங்க." பிறகு புதிய மென்பொருள்கள் வந்தன. அந்த அழைப்புகளும் நின்றுபோயின.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள் அவரே என்னை அழைத்தார். "கடலுக்கடியில கேபிள் போட்டுட்டாங்க அண்ணே. இப்ப லைன் பிரமாதம். நம்ம சர்வரைக் கேட்டா ஒரு நொடியில சரிபார்க்குது. கேக்கத்தான் ஒருத்தரும் இல்ல." சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். வேலையாக இருக்கிறேன், சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றேன். கூப்பிடவில்லை.

இங்கே என் வேலை இன்றும் மென்பொருள்களுக்குப் பூட்டுப் போடுவதுதான். இணைப்பு இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று குழுவினர் கேட்கும்போதெல்லாம், திறந்துவிடுங்கள் என்கிறேன். யாரிடம் கற்றேன் என்று இதுவரை சொன்னதில்லை. மரகதத்திடமும் சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு தீர்மானம். அவருக்கு நான் தராமல் வைத்துக்கொண்டது, நீங்கள் செய்ததுதான் சரி என்ற ஒரு வார்த்தை.