நான் வந்தால் பந்துப் பையும் வரும்

என்னிடம் ஒரு சீலைப் பை இருக்கிறது. அதற்குள் மென்பந்து கிரிக்கெட் ஆடும் பந்துகள். மஞ்சளாய், உடம்பெல்லாம் மயிர் நிறைந்த லேசான பந்து ஒன்று. பச்சையில் முரடான ஒன்று. மயிரே இல்லாத கனத்த சிவப்பு ரப்பர் பந்து ஒன்று. இன்னும் சில. ஒரே கொம்பனிப் பந்து இரண்டு அதில் கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படிச் சேர்த்தேன். இந்தப் பைக்காக என்னை அணியிலிருந்து தூக்கினார்கள்.

திருகோணமலை நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆண்டுதோறும் அலுவலகங்களுக்கிடையே பெண்களுக்கான போட்டி நடக்கும். எங்கள் அணியில் வயதில் மூத்தவள் நான்தான். துடுப்பு மட்டை என் கையில் விளக்குமாறு மாதிரி. பந்து வீசுவதற்காகத்தான் எனக்கு அங்கே இடம்.

போன வருடம் புதிய பயிற்றுநர் ஒருவர் வந்தார். கொழும்பில் படித்தவர், வயதில் என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர். நல்ல பிள்ளை. வந்ததும் ஒரு பெட்டி மஞ்சள் பந்தை இறக்கி வைத்தார். இனி எல்லோரும் இந்த ஒரு கொம்பனிப் பந்தில்தான் பழக வேண்டும், பந்து மாறினால் கை குழம்பும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அவர் எங்கள் பக்கத்து மைதானங்களில் ஆடியதில்லை.

கொழும்பில் போட்டியை நடத்துபவர்களே பந்து கொடுப்பார்களாம். இங்கே இரண்டு அணியும் தங்கள் தங்கள் பந்தோடு வரும். நாணயச் சுழற்சியில் வென்றவர்கள் துடுப்பா களத்தடுப்பா என்று தெரிவு செய்வார்கள். தோற்றவர்கள் பந்தைத் தெரிவு செய்வார்கள். முழு ஆட்டமும் அந்தப் பந்தில்தான். தோற்றவர்கள் மனம் நோகக்கூடாதென்று யாரோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு. நாங்கள் கடற்காற்றில் வளைகிற லேசான பந்தோடு போவோம். தம்பலகாமத்து அலுவலகப் பெண்கள் அறுவடை முடிந்த வயலில் பழகுகிறவர்கள். அந்த வெடித்த தரையில் மயிர்ப் பந்து தாங்காது. அவர்களுடையது மொட்டை ரப்பர் பந்து.

இதைப் பயிற்றுநரிடம் சொன்னேன். நாணயத்தில் நாங்கள் வெல்வோம் என்றார். வென்றால்தான் பந்துத் தெரிவு மற்றவர்களுக்குப் போகும் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

அடுத்த நாளும் பையோடு போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். மற்றவர்கள் மஞ்சள் பந்தைப் போட, நான் மைதானத்தின் மறு தொங்கலில், கடைக்கோடிச் சுவருக்கு எதிரே ஒவ்வொரு பந்தாகப் போட்டேன். கடைசியில் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

"அக்கா, பையோட வாறதெண்டால் நீங்கள் அணியில இருக்க ஏலாது."

பெண்கள் எல்லாம் நிலத்தைப் பார்த்தார்கள். பாலையூற்றில் உள்ள என் வீட்டுக்குப் போய், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அழுதேன். ஆனால் பையை அலுமாரிக்குள் வைக்கவில்லை. நான் பந்து வீசப் பழகியது எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கையில், அண்ணன்மாரோடு. கையில் எது அகப்பட்டதோ அதைத்தான் போட்டோம். என்ன கொம்பனி என்று அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

போட்டியன்று, தண்ணீர்ப் போத்தல் காவுகிறவளாக நானும் போனேன், மடியில் பையோடு. எதிரணி தம்பலகாமம். நாணயத்தில் எங்கள் தலைவி வென்றாள், களத்தடுப்புக் கேட்டாள். பயிற்றுநர் கைதட்டினார். அவர்களுடைய தலைவி சிரித்துக்கொண்டே மொட்டைப் பந்தை எடுத்து நடுவரிடம் நீட்டினாள்.

பயிற்றுநர் நடுவரிடம் ஓடினார். நடுவர் மரியாதையாக வழக்கத்தை விளக்கினார். எங்கள் பெண்கள் அந்தப் பந்தை ஒருதரம் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று விக்கெட் காப்பாளரின் தலைக்கு மேலே போனது. இன்னொன்று வீசியவளின் காலடியிலேயே விழுந்தது. பயிற்றுநர் நான் இருந்த வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"அக்கா, நடுவரிட்ட பெயர் இன்னும் குடுக்கேல்ல. நீங்கள் இறங்குங்கோ."

எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. எழும்பவில்லை.

"நான் வந்தால் பையும் வரும், தம்பி. இண்டைக்கு மட்டுமில்ல. இனி இந்தப் பிள்ளையளும் எல்லாப் பந்திலயும் பழக வேணும். ஓமெண்டு அவையளுக்குச் சொல்லிப்போட்டு என்ர பெயரைக் குடுங்கோ."

அவர் காதெல்லாம் சிவந்தது. திரும்பிப் பெண்களைப் பார்த்து, "ஓம், பழகுவம்" என்றார்.

என் முதல் பந்தே நாலு ஓட்டத்துக்குப் போனது. அடுத்தது தாழச் சறுக்கிக்கொண்டு போய் நடுக்கம்பைச் சாய்த்தது. இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினேன். மற்றவர்களுக்கோ அந்தப் பந்து கடைசிவரை வசப்படவில்லை. நாங்கள் தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பயிற்றுநர் பின் இருக்கையிலிருந்து குனிந்து, அடுத்தமுறை நாணயத்தில் தோற்றுவிட்டால் எல்லாம் சரிதானே என்றார். இந்தப் பிள்ளையை என்ன செய்வது.

திங்கட்கிழமை பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். அதே மஞ்சள் பந்துப் பெட்டி திறந்திருந்தது. நான் நடுவில் போய் நின்று என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பந்துகள் திசைக்கொன்றாய் உருண்டன. எங்கள் அணியில் ஆகச் சின்னவள் ஓடிப்போய் மொட்டைப் பந்தை எடுத்தாள். பயிற்றுநர் வாயைத் திறந்தார்.

"ஓமெண்டு சொன்னனீங்கள், தம்பி," என்றேன்.

அவர் பெட்டியை மூடிவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே போய் நின்றார்.