பலராமனும் வங்காள விரிகுடாவும்

“நான் இல்லாத போட்டோ இந்த வண்டில ஏறாது” என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணியால் தன் முகத்தைத் துடைக்கிறார் பலராமன். கழுத்துக்கு மேல் இருக்கிற முகத்தை அல்ல. அது குளித்துப் பவுடர் போட்டு ஏற்கெனவே தயார். வேனுக்குள் ஒவ்வோர் இருக்கைக்கும் மேலே லேமினேஷன் செய்து ஒட்டியிருக்கும் முகங்களை. வண்டியின் முன்கண்ணாடியில் தூசி இருந்தால் அவருக்குப் பரவாயில்லை. படங்களில் இருக்கக் கூடாது.

பிள்ளைப்பாக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வேன் வாங்கி, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிறார். காலையில் காலி வண்டியோடு பென்னலூர் போவார். ஹாஸ்டல் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வார். திரும்பும் வழியில் தன் ஊர் முனையில் நிறுத்தி மனைவி கனகத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரகடம் போவார். அதே கம்பெனியின் கேன்டீனில்தான் கனகத்துக்கு வேலை.

போன வருஷம் தம்பதியர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பலில் போய்வந்தார்கள். சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த இந்தக் கடற்பயணம் பற்றிப் பின்வரும் உரையாடல் வேனுக்குள் பல முறை நடந்திருக்கிறது. கேட்பவர் இசக்கிபாண்டி, திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் இளைஞர்.

“எந்த ஊருக்குப் போனிய அண்ணாச்சி?”

“இன்னாபா அண்ணாச்சி? மளிகைக் கடையா வச்சிகினு கீறேன்? எந்த ஊருக்கும் போவல. கடலுக்குப் போனோம்.”

“கடலுக்குப் போயி?”

“திரும்பி வந்தோம்.”

“இதுக்கு எங்கூர்ல வள்ளம் கெடக்கே.”

“வள்ளத்துல லிஃப்ட்டு கீதா?”

இந்தக் கேள்விக்குத் தென்மாவட்டங்களிலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

படங்கள் எல்லாம் செல்ஃபி. பலராமனுக்கு இயற்கை நீண்ட கையைக் கொடுத்திருக்கிறது; அதைவிடத் தாராளமாக முகத்தையும் கொடுத்திருக்கிறது. ஒரு படத்தில் நீச்சல்குளத்தின் ஒரு மூலை அவர் தோள் வழியாக எட்டிப் பார்க்கிறது. இன்னொன்றில் சூரியோதயம், ஆனால் சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் அவர் இருக்கிறார். வங்காள விரிகுடாவுக்கு அவருடைய இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கேப்டனோடு எடுத்த படமும் உண்டு. அந்தக் கேப்டன் கையில் தோசைக் கரண்டி வைத்திருப்பதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

நாளடைவில் படங்களே இருக்கைகளுக்குப் பெயராகிவிட்டன. “பஃபே சீட்டு இன்னிக்கு லீவு”, “சூரியன் சீட்டுக்கு ஜுரமாம்” என்றுதான் வருகைப்பதிவு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நீச்சல்குளத்துக்குக் கீழே உட்கார இடம் கேட்டு ஒரு வாரம் காத்திருந்தாளாம். இதைப் பலராமன் தன் வாழ்நாள் சாதனைகளில் ஒன்றாகச் சொல்வார்.

சாதனைக்குச் சோதனை சுகப்பிரியா ரூபத்தில் வந்தது. தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. எதிலும் குறை தேடச் சம்பளம் வாங்கும் கண்கள். ஒரு நாள் காலை பிள்ளைப்பாக்கம் தாண்டியதும், கனகம் உட்கார்ந்திருந்த ஜன்னலோர இருக்கைக்கு மேலே இருந்த படத்தை அண்ணாந்து பார்த்தாள். கப்பலின் மேல்தளம். நடுவே வழக்கம்போல் அவர். ஓரத்தில் ஒரு முழங்கை, அதில் பச்சை வளையல்.

“அண்ணே, இது யாரு கை?”

பலராமன் பதில் சொல்வதற்குள் படத்துக்குக் கீழேயிருந்து பதில் வந்தது. “என்னுது.”

“யக்கா! நீங்களும் போனியளா?” சுகப்பிரியா இதைக் களங்கமில்லாமல்தான் கேட்டாள். அதுதான் வினை. ஏனென்றால் போன வாரம்தான் கனகத்தின் நாத்தனார் கலைமணியும் இதையே கேட்டிருந்தாள். காதுகுத்து வீட்டில், பந்தியில், நாலு பேர் நடுவில்: “அண்ணி, நெசமாவே போனியா, இல்ல எங்கண்ணன் உன்ன வூட்ல வுட்டுட்டுப் போச்சா?” ஊரில் பாதிப் பேர் இரண்டாவதைத்தான் நம்பினார்கள். ஆதாரம் வேனில் வரிசையாக ஒட்டியிருந்தது.

“போனேன்” என்றார் கனகம்.

“அப்பம் போட்டோல காணோமே?”

“உங்கண்ணன கேளு.”

வேன் முழுக்க முன்பக்கம் திரும்பியது. பலராமன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வாக்குமூலம் கொடுத்தார்: “அவ ஃபிரேம்ல நிக்கவே மாட்டாபா. அங்க இங்க நவுந்துகினே இருப்பா.”

“நீ உன் மூஞ்சிய இத்துனூண்டு நவுத்தினியா?”

பின்வரிசை சிரித்தது. கனகம் சிரிக்கவில்லை.

“கப்பலப் பாக்கணும்னு ஆசப்பட்டது நானு. அதுக்கு மாசாமாசம் சீட்டு கட்னது நானு. போய்ட்டு வந்தது மட்டும் நீ.”



மறுநாள் ஊர் முனையில் கனகம் இல்லை. பலராமன் ஹாரன் அடித்தார். நாய் ஒன்று எழுந்து போனது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவில், இரண்டு பேருக்கு நடுவே, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு கனகம் போவது கம்பெனி கேட் வரை அவருக்குத் தெரிந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

வேன் வைத்திருப்பவனின் மனைவி ஷேர் ஆட்டோவில் போவது எங்கள் பக்கத்தில் சாதாரணச் செய்தி அல்ல. டீக்கடை மோகன் முதல் ஆளாக விசாரணையைத் தொடங்கினார்.

“இன்னா பலராமா, வண்டில ஏசி ரிப்பேரா?”

“அவளுக்குக் காத்து வேணுமாம்பா.”

“உன் வண்டில காத்து இல்லியா?”

“டீயப் போடு.”

வீட்டில் நிலைமை சுருக்கமானது. முன்பு கனகம் சமையலறையிலிருந்து ஊர்க்கதை முழுவதும் சொல்வார். இப்போது இரண்டே சொல்: “சோறு கீது.” சாப்பிட்டுக்கொண்டே பலராமன் ஏதாவது ஆரம்பித்தால் மிக்சி ஓடும்.

ஷிப்ட் முடியும்வரை கம்பெனிக்கு வெளியே வேனில் படுத்துக்கொண்டு கைபேசியில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவது அவர் வழக்கம். அந்த வாரம் ஸ்டேட்டஸ் எதுவும் வரவில்லை. உலகம் தாங்கிக்கொண்டது. அவர் கப்பல் படங்களை முதலிலிருந்து தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். வளையல் இருந்தது. புடவைத் தலைப்பு இருந்தது. ஒரு படத்தில் ஐஸ்கிரீம் கிண்ணத்தைப் பிடித்த விரல்கள் இருந்தன. மொத்தத்தையும் சேர்த்துத் தைத்தாலும் ஒரு கனகம் தேறவில்லை.

கடைசியில் அம்பத்தூருக்குப் போன் போட்டார். கப்பலில் ஒரே மேசையில் சாப்பிட்ட நடேசன், செல்வலட்சுமி தம்பதியர்.

“சார், நான் பிள்ளைப்பாக்கம் பலராமன். கப்பல்ல ஒண்ணா சாப்ட்டோமே…”

“அடடே, செல்ஃபி சார்! சொல்லுங்க சார்.”

“உங்க போட்டோல எங்கனா எங்க வூட்டம்மா கீறாங்களா பாருங்க சார்.”

மாலைக்குள் செல்வலட்சுமி ஒரு படம் அனுப்பினார். கப்பலின் கைப்பிடிக் கம்பி. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முடியெல்லாம் காற்றில் பறக்க, கனகம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கடலில் எதையோ விரல் நீட்டிக் காட்டுகிறார். பக்கத்தில் பலராமன், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைபேசியை உயர்த்தித் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கனகம் காட்டுவது எதை என்று அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தண்ணீர்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் அவர் அன்று திரும்பவே இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் வழக்கமாக லேமினேஷன் போடும் ரஞ்சனி படத்தைக் கணினியில் திறந்து, பழக்கதோஷத்தில் பலராமனின் முகத்தை நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

“அது இல்லம்மா. இந்தாண்ட.”

“ஆன்ட்டியையா?”

“ஆமா. என்னிய வெட்டிடு.”

“நல்லாத்தானே கீறீங்க அங்கிள்? ஓரமா இருந்துட்டுப் போங்களேன்.”

“வெட்டும்மா.”

மறுநாள் பென்னலூரில் முதலில் ஏறிய இசக்கிபாண்டி நேராகக் கனகத்தின் ஜன்னலோர இருக்கைக்குப் போனார். கொஞ்ச நாளாகக் காலியாக வருகிற இடமாயிற்றே. உட்காரப் போனவர் தலைக்கு மேலே புதிதாக ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“அண்ணாச்சி, இதுல நீங்க எங்கன இருக்கிய?”

மளிகைக் கடை பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. “நான் இல்ல” என்றார் பலராமன். பிறகு டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி உள்ளே வந்து, இசக்கிபாண்டியைக் கையால் ஒதுக்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இருக்கையில் விரித்துப் போட்டார்.