வாட்டம் இல்லாத தரை

கனடாவில் யாரும் வீட்டுத் தரையைக் கழுவுவதில்லை. ஏதோ ஒரு ஸ்பிரேயை அடித்து, படுத்த நோயாளிக்கு உடம்பு துடைப்பதுபோல் துடைத்துவிட்டுப் போகிறார்கள்.

டொராண்டோவுக்கு வெளியே என் மகன் வாங்கியிருக்கும் வீட்டின் பேஸ்மென்ட், இனி நான் நிரந்தரமாக இருக்கப்போகும் இடம். அதன் கான்கிரீட் தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. வினைல் பலகை ஒட்டுவதற்கு முன் அதை மட்டப்படுத்த மார்க் என்கிற கான்ட்ராக்டர் வந்தார். அரசுக் கட்டடங்களைக் கட்டி ஓய்வு பெற்றவன் நான், முறையெல்லாம் தெரியும். பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஈரம் பார்த்தார், மேட்டைத் தேய்த்தார், தூசியை உறிஞ்சினார், பிரைமர் அடித்தார். குறை சொல்ல ஒன்றுமே கிடைக்காதது பெரிய ஏமாற்றம்.

கடைசியில், மூலையில் இருந்த வடிகால் பக்கம் கொஞ்சம் சரிவாக வாட்டம் விடச் சொன்னேன்.

“எதற்கு?”

“தண்ணீர் ஓட.”

“வீட்டுக்குள் தண்ணீரா? உங்கள் ஊரில் அடிக்கடி வெள்ளம் வருமோ?”

“வாரா வாரம். வெள்ளிக்கிழமை காலையில்.”

அவர் முகத்தில் நிஜமான இரக்கம் தெரிந்தது.

மேற்கு மாம்பலம் ஃப்ளாட்டில் வாட்டம் போதவில்லை என்று போட்ட தரையைப் பெயர்த்து மறுபடி போடவைத்தவன் நான். வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி கமலா கூடத்தில் ஒரு வாளி கவிழ்ப்பாள். தண்ணீர் யாரும் தள்ளாமலே பால்கனித் துளைக்குப் போய்ச் சேரும். போன வருடம் கமலா போய்ச் சேர்ந்தாள். “தனியா அங்க என்னப்பா பண்ணப்போறீங்க?” என்றான் மகன். கட்டடத்தை இடித்துக் கட்டும் பில்டருக்குக் கையெழுத்துப் போட்டேன்.

மார்க், தானே பரவி மட்டமாகும் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தபோது, மாம்பலத்துப் பழைய வாட்ச்மேன் கபாலி வீடியோவில் கூப்பிட்டான்.

“சார், ஒன் வூட்டத்தான் ஒடச்சிகினு கீறானுங்க. காட்டட்டா?”

“வேணாம்பா.”

“தரைய இன்னா கெட்டியா போட்டுக்கீற சார்! மிஷினே தெணறிக்கினு கீது!”

ஓய்வுக்குப் பிறகு என் வேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

கலவை காய்ந்து மார்க் போனபின், மாம்பலத்துப் பழக்கத்தில், தரையைச் சோதிக்க ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

“அப்பா! ஈரமாக்கக் கூடாதுப்பா! என்ன பண்றீங்க?” மகன் படியில் நின்றான்.

“மட்டம் பாக்கறேன்.”

“சரியா இருக்கா?”

“ரொம்பச் சரியா இருக்கு.”

தண்ணீர் வடிகாலுக்கும் போகவில்லை, வாசல் பக்கமும் வரவில்லை. ஊற்றிய இடத்திலேயே, விளக்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நின்றது. துடைக்கத் துணி தேடினேன். இந்த வீட்டில் அது எங்கே இருக்கும் என்று தெரியவில்லை.