முந்திக்கொண்ட ஆமென்

அந்தக் கோடையில் சக்குபள்ளத்தில் ஏலச்செடிகள் தீய்ந்துபோயின. ஆனாலும் தோட்டத்தில் விளைந்ததைக் கர்த்தருக்குக் காணிக்கையாக்கும் அறுப்பின் பண்டிகையை எங்கள் சபை விடவில்லை. ஆளாளுக்குக் குமுளிக் கடையில் விளைச்சலை வாங்கிவந்து பீடத்தில் அடுக்கினோம். கமிட்டிச் செயலாளரான எனக்கு ஆப்பிள் விளைந்திருந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு அம்மா உட்காருவார். ஏலக்காய் எடுத்துக் கறுத்த விரல்கள். செடியோடு அவர் வேலையும் போயிருந்தது. போதகர் ஜெபத்தை முடிக்கும் முன்பே ஓங்கி "ஆமென்" சொல்லிவிடுவார். எனக்கு அது ஒழுங்கீனமாகத்தான் பட்டது.

அன்று அவர் பீடத்தில் வைத்தது ஒரு சின்ன ஏலக்கன்று.

"ஏம்மா, விளைஞ்சதைத்தானே வைக்கணும்?" என்றேன்.

"விளைஞ்ச பெறகு எல்லாருந்தான் நன்றி சொல்லுவாக. நான் முந்தியே சொல்லிட்டேன். இனித் தராம இருக்க ஆண்டவருக்கே கூச்சமா இருக்கும்லய்யா?"

கன்றை என் ஆப்பிள்களுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

போதகர் காணிக்கைகளை ஆசீர்வதிக்க ஜெபம் தொடங்கினார். பாதியிலேயே கடைசி பெஞ்சிலிருந்து "ஆமென்" வந்தது. நான் அப்போது என் ஆப்பிள்களின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.