பிரேக் அக்காவின் ஒய் குரோமோசோம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பிரேக் அக்கா என்றுதான் பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்க வந்தவர் தடுமாறினால் அதை மிதித்து வண்டியை நிறுத்த வேண்டும். இருபது வருஷமாக மிதித்து மிதித்து, யாருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாலும் அவர் கால் தானாகவே அழுத்தும். யாரையும் திட்ட மாட்டார். அவர் பாதியிலேயே கைகழுவிய ஒரே மாணவர் அவருடைய சொந்தத் தம்பிதான். மூன்று மாதம் போராடியும் அவனுக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று கால் பழகவில்லை. உனக்கு நடராஜா சர்வீஸ்தான் சரி என்று சொல்லி இறக்கிவிட்டுவிட்டார்.

நாற்பத்து நாலாவது வயதில் அவர் காலில் நீலம் நீலமாக ரத்தக்கட்டு தெரிந்தது. பிரேக் மிதித்த வேலை என்று விட்டுவிட்டார். பிறகு பல் தேய்க்கும்போது ஈறு கசிந்தது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு முட்டியது. மகள் நச்சரித்ததால் ஒரு நாள் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். அன்று சாயங்காலமே மருத்துவமனையில் படுக்கை போட்டுவிட்டார்கள். ரத்தப் புற்றுநோய்.

மருத்துவர் அம்மாள் நிதானமாகப் பேசுகிறவர். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தச் செல்கள் எல்லாம் பிறக்கின்றன, அங்கே இருக்கும் ஸ்டெம் செல்களில் ஒன்று தறிகெட்டு, தன்னைப் போலவே பெருகிக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். மருந்தால் அடக்கலாம். ஆனால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு வேறொருவரின் ஸ்டெம் செல்களைக் குடியேற்றுவதுதான் நல்லது. உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்காவுடையதுதான் பொருந்தும் என்று வீட்டில் எல்லோருக்கும் நிச்சயம். அக்கா தங்கை இரண்டு பேரும் அம்மாவை அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். தெருவில் ஒருத்தியை நிறுத்தி இன்னொருத்தியின் சமாச்சாரத்தைப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. தம்பி அப்பாவை உரித்து வைத்தவன்.

மருத்துவர் ஒரு தாளில் நாலு கோடு போட்டுக் காட்டினார். செல்லின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளக் குறிகள் ஒத்துப்போக வேண்டும். அந்தக் குறிகளுக்கான மரபணுத் தொகுதி அம்மாவிடம் இரண்டு, அப்பாவிடம் இரண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா ஒன்றைக் கொடுப்பார், அப்பா ஒன்றைக் கொடுப்பார். எது போகும் என்பது கருத்தரிக்கும்போதே முடிவாகிவிடும். அதனால் கூடப்பிறந்த ஒருவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். மூக்கும் முழியும் ஒரே மாதிரி இருப்பது இதில் கணக்கே இல்லை.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அக்காவுடையது பாதிதான் பொருந்தியது. தம்பியுடையது முழுசாகப் பொருந்தியது.

வீட்டில் சந்தோஷத்துக்குப் பதிலாகக் கவலைதான் வந்தது. தம்பி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ஆள் உயரக் கண்ணாடியை அலட்சியமாகத் தூக்கி நிறுத்திக் கீறி உடைப்பான். ஆனால் ஊசியைக் கண்டால் ஆள் காலி. ஒரு முறை கடையில் எல்லோருக்கும் தடுப்பூசி போட வந்தபோது வரிசையிலேயே மயங்கி விழுந்து, முன்னால் நின்ற முதலாளியையும் கீழே சாய்த்தவன். மூத்த அக்காதான் அவனைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவன் "எப்ப வரணும்னு மட்டும் சொல்லு" என்றான்.

ஐந்து நாள் தினமும் ஊசி. ஸ்டெம் செல்கள் மஜ்ஜையிலிருந்து பெயர்ந்து ரத்தத்துக்கு வருவதற்காக. அந்த நாட்களில் அவனுக்கு இடுப்பும் முதுகும் விண்விண்ணென்று தெறித்திருக்கின்றன; யாரிடமும் மூச்சு விடவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு கையிலும் ஊசி ஏற்றி இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய், வேண்டிய செல்களை மட்டும் இயந்திரம் பிரித்துக்கொள்ள, மீதி மறு கை வழியாகத் திரும்பி வரும். நாலரை மணி நேரம் அவன் கண்ணைத் திறக்கவே இல்லை என்று செவிலியர் பிற்பாடு சொன்னார்.

மருந்தால் பழைய மஜ்ஜையை அழித்த பின் கண்ணாடித் தடுப்புக்குள் படுத்திருந்த பிரேக் அக்காவுக்கு அதே நாள் அந்தப் பை வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலம்தான். வெளுத்த சிவப்பு நிறம். சாதாரண ரத்தம் ஏற்றுவது மாதிரியே ஏற்றினார்கள். இதுங்களுக்கு எலும்புக்குப் போக வழி தெரியுமா என்று கேட்டார். தானாகவே தேடிப் போய்விடும், நாம் காத்திருப்பதுதான் வேலை என்றார் செவிலியர்.

காத்திருந்தார்கள். வாயெல்லாம் புண், தலைமுடி போயிருந்தது, கணவர் தடுப்புக்கு வெளியே நின்று சைகையில் பேசுவார். தினமும் காலையில் வெள்ளணு எண்ணிக்கையைச் செவிலியர் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுவார். பதின்மூன்று நாள் கிட்டத்தட்டப் பூஜ்யம். பதினாலாம் நாள் எழுதிவிட்டு, தாளை ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டிக்கொண்டே நின்றார். முந்நூறு. தம்பியின் செல்கள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தன.

ஒரு வருஷத்தில் அவர் மறுபடி காரில் ஏறினார். பி பாசிட்டிவ்வாக இருந்த ரத்த வகை தம்பியுடையதைப் போல ஓ பாசிட்டிவ் ஆகிவிட்டதால் உரிமத்தில் மாற்றிக்கொண்டார். நான் இனிமே பாதி மாமாவுக்கும் மகளா என்று மகள் கேட்டு வைத்தாள். மாறியது ரத்தம் மட்டும்தான், தோலும் முடியும் கருமுட்டையும் பழையபடி அம்மாவுடையதே என்று மருத்துவர் தெளிவுபடுத்தினார். மீசை முளைத்துவிடாதே என்று தன் பங்குக்கு மூத்த அக்காவும் கேட்டுக்கொண்டாள்.

ஆறு வருஷம் கழித்து, வருடாந்தரப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த மறு வாரம் ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. நேரில் போனார். ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர் தர்மசங்கடமாக நெளிந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சாம்பிள் வேற யாரோடதோடயோ மாறிடுச்சு போல. இதுல ஆம்பளைங்களோட குரோமோசோம் வருது."

"மாறல தம்பி. அது தம்பியோடதுதான்."

"என்னோடதா?"

சிரித்து முடித்துத்தான் அவரால் விளக்க முடிந்தது. சீட்டில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை விவரத்தை யாரோ எழுத மறந்திருந்தார்கள். இளைஞருக்கு உயிர் வந்தது. பார்க்க ஆசையாக இருக்கிறது என்று இவர் கேட்டதும் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு வெள்ளணு இரண்டாகப் பிரியப்போகும் நேரத்தில் நிறுத்திப் பிடித்த படம் அது. பெரியதிலிருந்து சிறியதுவரை இருபத்திரண்டு ஜோடிகள் அடுக்கியிருந்தன. கடைசியில் நெட்டையும் குட்டையுமாக ஒரு பொருந்தாத ஜோடி.

"நெட்டையா இருக்கறது எக்ஸ், அம்மாகிட்டேருந்து வந்தது. குட்டி, ஒய். அது அப்பாகிட்டேருந்து மகனுக்கு மட்டும்தான் போகும். மகளுக்கு அப்பா தன்னோட எக்ஸைத்தான் குடுப்பார்" என்றார் இளைஞர்.

பிரேக் அக்காவின் அப்பா தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அதிர்ந்து பேசாதவர். இவருக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது போய்விட்டார். தம்பிக்கு அவர் முகம், நடை, தும்மல்கூட. தனக்கு அப்பா சாயல் ஒன்றுமே வரவில்லை என்று இவருக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளுக்குள் ஒரு குறை. திரையில் அந்தக் குட்டியைப் பார்த்தபடியே நின்றார்.

"அப்ப இது எங்க அப்பாவோடது" என்றார்.

"ஆமாங்க. ஆனா உங்க உடம்புல பாதி எப்பவும் அவரோடதுதான். இந்த ஒண்ணு மட்டும் பொண்ணுங்களுக்கு வராது. உங்களுக்கு வந்திருக்கு."

படத்தை ஒரு தாளில் அச்சடித்து வாங்கிக்கொண்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். தம்பி கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இவர் எல்லாவற்றையும் சொன்னார். அவன் அந்தக் குட்டியின் மேல் விரலை வைத்தான். இவ்வளவுதானா என்று கேட்டான்.

"இத்தனை வருஷத்துல உங்கிட்ட ஒரு நன்றி சொன்னதில்லடா" என்றார் அவர். "சொன்னா அழுதுடுவேன்னு சொல்லாமலே இருந்துட்டேன்."

சொல்லும்போதே அழுதார். தம்பி முதலாளியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"நான் அன்னிக்கே எழுந்து ஓடியிருப்பேன்க்கா. ரெண்டு கையும் கட்டிப் போட்டிருந்தாங்க."

இப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று. அன்றுமுதல் வருடாந்தரப் பரிசோதனைக்குத் தம்பியும் கூடவே வருகிறான். ஊசி போடும் அறைக்கு வெளியே, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். சீட்டில் தம்பியின் விவரம் எழுதியிருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் பிரேக் அக்கா கையை நீட்டுவார்.