அரிசி டின்னைத் திறந்து பார்த்தேன்

ஆறேழு வருஷம் இருக்கும். தஞ்சாவூரில், குழந்தைகளைத் தத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தத்துக் கேட்டுப் பதிவு செய்கிறவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசி, 'இவர்களிடம் குழந்தையைக் கொடுக்கலாமா' என்று அறிக்கை எழுதவேண்டும். இன்றும் எனக்கு அதே வேலைதான்.

அப்போது குறுவை அறுப்பு நேரம். ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். கணவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பஸ் ஸ்டாப்பில் வழி கேட்டதும், "வாய்க்காலுக்கு அந்தாண்ட தெருங்க" என்று இழுத்தார் ஒருவர். அந்த இழுப்பிலேயே அது தலித் மக்கள் தெரு என்று புரிந்துவிட்டது. ஊர்த்தெருவில் பிறந்தவள் நான். படித்துவிட்டோம், சாதியெல்லாம் நமக்கில்லை என்று என்னைப் பற்றி ஒரு நினைப்பு.

கணவர் வயலுக்குப் போயிருந்தார். அந்தப் பெண் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நேரே சமையலறைக்குப் போனேன். அரிசி டின்னைத் திறந்து பார்த்தேன். பாத்ரூமை எட்டிப் பார்த்தேன். "வீட்டுக்காரர் குடிப்பாரா? அடிப்பாரா?" என்று கேட்டேன். கேட்டதற்கெல்லாம் அமைதியாகப் பதில் சொன்னார்.

கிளம்பும்போது, "ஒண்ணு கேக்கலாமா மேடம்? எல்லா வீட்லயும் டின்னைத் தொறந்து பாப்பீங்களா?" என்றார்.

"ஆமாம்மா. எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ்தான்" என்றேன்.

"அப்ப சரிங்க மேடம்."

ஆபீஸுக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முந்தின வாரம் டவுனில் ஒரு பேங்க் அதிகாரி வீட்டுக்குப் போய் எழுதியதும் மேஜையில் இருந்தது. 'வீடு சுத்தமாக உள்ளது' என்று அதில் எழுதியிருந்தேன். அந்த வீட்டு ஹாலைத் தாண்டி நான் போகவே இல்லை. சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தேன். 'குடிப்பழக்கம்: இல்லை' என்று எழுதியிருந்தேன். அதைக் கேட்கவே இல்லை. "குழந்தை கொஞ்சம் செவப்பா இருந்தா நல்லாருக்கும், சொந்தக்காரங்க பேசுவாங்க" என்று அவர்கள் சொன்னபோது சிரித்துத் தலையாட்டினேன். அதை அறிக்கையில் சேர்க்கவும் இல்லை.

தையல்காரப் பெண்ணின் வீட்டில் குறித்துக்கொண்டு வந்த தாளில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'குழந்தை வளரத் தகுந்த சூழல்தானா, யோசிக்க வேண்டும்.' என்ன குறை பார்த்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனேன். மழை பெய்து வயல் சேறாகிவிட்டதால் கணவரும் வீட்டில் இருந்தார். "அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா. மத்த வீட்ல நான் டின்னைத் திறக்கல. மன்னிச்சிடுங்க" என்றேன்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் மட்டும் என்னை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கே தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா சரின்னீங்க?"

"வேற என்ன பண்றது? உங்க கையெழுத்து வேணுமே."

அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க ரொம்ப நேரமானது.

அதற்கப்புறம் பேங்க் அதிகாரி வீட்டுக்கும் மறுபடி போனேன். குடிப்பழக்கம் பற்றிக் கேட்டேன், சமையலறையைப் பார்த்தேன், நிறம் பற்றி அவர்கள் சொன்னதையும் பேசினேன். முகம் மாறிவிட்டது, ஆனாலும் பதில் சொன்னார்கள். மேலதிகாரியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நல்ல திட்டு விழுந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே கேள்வித்தாள் என்று அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

தையல்கார வீட்டுக்கு 'கொடுக்கலாம்' என்று எழுதினேன். இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை கிடைத்தது. நல்ல கறுப்பு. வேறு சில தம்பதிகள் போட்டோவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன குழந்தை. ஆறு மாதம் கழித்து நிலைமை பார்க்கப் போனேன். தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டே அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "பயப்படாதடி, மேடம் நமக்கு நல்லது செஞ்சவங்க" என்றார் அந்தப் பெண்.

நான் செய்யவிருந்த ஒரு கெடுதலைக் கடைசி நேரத்தில் நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். அதைக்கூட நல்லது என்று எண்ணிக்கொள்ளும் நிலையில் இவர்களை இத்தனை காலம் வைத்திருக்கிறோமே என்ற வெட்கம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.