மத்தியானத்தில் கழலும் வயர்

வீட்டுக்கு நெட் கொடுப்பது அரை நாள் வேலை. கொடுத்த நெட்டில் அந்த வீட்டுச் சாமான்களை எல்லாம் ஒன்றுசேர்ப்பது ஆயுசுக்கும் முடியாத வேலை.

தண்டையார்பேட்டையில் ஒரு கேபிள்காரரிடம் எனக்கு உத்தியோகம். கம்பத்திலிருந்து லைன் இழுப்பது பாபு. அவன் ஏணியை மடக்கியதும் வீட்டுக்குள் போய் டிவி, பிரிண்டர், கேமரா, போன் என்று இருக்கிற எல்லாவற்றையும் பொட்டியோடு சேர்த்துவைப்பது நான். ரவுட்டருக்கு எங்கள் பக்கத்தில் பெயர் பொட்டிதான். வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எங்கம்மா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்காத வீடு அபூர்வம். இப்போதெல்லாம் நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "அவரு வரல, நான்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் டிவி வயரில் இருக்கும், போன் வயரில்லாமல் இருக்கும், ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் கிடக்கும், நடுவில் நீங்கள் நின்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பீர்கள். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க இதே கதைதான்.

மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று

வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் வியாபாரம் செய்யும் கரீம் பாய்க்குக் கீழே கடை, மாடியில் வீடு. பில் போடும் பிரிண்டர் கீழே, வயரில். மாடியில் சிக்னல் கம்மி என்று அவரே இன்னொரு பொட்டி வாங்கிவந்து, கீழேயிருந்து ஒரு வயரை ஏற்றி மாட்டிவிட்டார். மாடியில் நெட் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் மாடியில் உட்கார்ந்து போனிலிருந்து பில் அனுப்பினால், அப்படி ஒரு பிரிண்டரே இல்லை என்றது.

காரணம் எளிது. புதுப் பொட்டி மாடியில் தனிக்குடித்தனம் ஆரம்பித்திருந்தது. தன்னிடம் வருகிற போன்களுக்கெல்லாம் தானே நம்பர் கொடுத்துத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது. நம்பர் கொடுக்கும் அந்த வேலையை அதனிடமிருந்து பிடுங்கி, வயரையும் பக்கத்து ஓட்டைக்கு மாற்றினேன். அடுத்த நிமிஷம் கீழே பிரிண்டர் கரகரவென்று துப்பியது. பாய் பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஒரே லைன்ல துன்னுகினு, ஒருத்தன ஒருத்தன் தெரியாதுன்றானுங்களே! என் மச்சானுங்க ரெண்டு பேரும் இப்டித்தாம்மா கீறானுங்க."

பீரோவுக்குப் பின்னால் கேமரா

திருவொற்றியூரில் செல்வியின் வீடு ஒரே அறை, அதற்குப் பின்னால் சமையல் தடுப்பு. செல்விக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. அவள் புருஷன் ஏழுமலை விசைப்படகில் வலை இழுத்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பகலெல்லாம் கட்டிலில் தனியாகத்தான் இருக்கிறார். எதிர்வீட்டு அக்கா அவ்வப்போது எட்டிப் பார்ப்பதோடு சரி.

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயத்தில் செல்வி ஷிஃப்டுக்கு நடுவில் பலமுறை வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறாள். இன்னொரு முறை பாதியில் கிளம்பினால் அப்படியே போய்விட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். அதனால்தான் கேமரா வாங்கினாள். அது பொட்டியோடு பேச மறுத்தது. சுவரில் உயரமாக மாட்டியிருந்த கேமராவுக்கும் பொட்டிக்கும் நடுவில் இரும்பு பீரோ ஒன்று மலை மாதிரி நின்றது. பீரோவை நகர்த்த அங்கே இடமில்லை. கேமராவில் வயர் மாட்டவும் ஓட்டை இருந்ததால், கட்டிலோரம் இருந்த பொட்டியிலிருந்து சுவரோடு ஒரு மஞ்சள் வயரை இழுத்துக் கேமராவில் மாட்டினேன். செல்வியின் போனில் கட்டிலும் ஏழுமலையும் பளிச்சென்று வந்தார்கள். படம் இன்னும் தெளிவாக வேண்டுமா என்று கேட்டேன். "தெளிவுலாம் வேணாம் சிஸ்டர். அவரு கட்டில்ல கீறாருன்னு தெரிஞ்சா போதும், நான் பாட்டுக்கு வேலைய பாத்துகினு கெடப்பேன்" என்றாள்.

இஞ்சின் கிரீஸ்

காசிமேட்டில் மீன் விற்கும் தேசம்மாள் வீட்டு டிவியில் படம் நின்று நின்று வந்தது. கடலோரத்தில் எங்கள் முதல் எதிரி உப்புக்காற்று. வயரின் முனையில் இருக்கும் செம்புப் பற்கள் சில மாதத்திலேயே பச்சை பூத்துவிடும். அதுதான் என்று நினைத்து வயரைக் கழற்றினேன். கையெல்லாம் கறுப்பு. முனையில் ஒரு விரற்கடை கனத்துக்கு கிரீஸ். பொட்டியில் இருந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் கிரீஸ் வைத்து நிரப்பியிருந்தாள். கிரீஸில் மண் ஒட்டி, மண்ணில் எறும்பு செத்து ஒட்டியிருந்தது.

பொட்டியையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து தேசம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது: "உப்பு ஏறக்கூடாதுன்னு எங்க ஊட்டுக்காரரு படகு இஞ்சினுக்கு இதத்தான் வெக்கிறாரு. அது நடுக்கடலுக்குப் போய் வருது. ஊட்டுக்குள்ள குந்திகினு கீற உன் பொட்டிக்கு இன்னா கேடு?"

பழி எலி மேல்

செல்வி வீட்டுக் கேமரா தினமும் மத்தியானம் போக ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் போகும், தானாக வரும். போகும்போதெல்லாம் செல்வியிடமிருந்து எனக்குப் போன். முதலில் மரியாதையாகத்தான் பேசினாள். பிறகு, "மாச மாசம் காசு மட்டும் கரெக்டா வாங்குறீங்கல்ல?" என்ற இடத்துக்கு வந்துவிட்டாள். திட்டு வாங்குவதும் எங்கள் வேலையில் சேர்த்திதான். ஆனாலும் வலிக்காமல் இல்லை.

நானும் கற்ற வித்தையை எல்லாம் காட்டினேன். உப்புக்காற்றாக இருக்குமோ என்று வயரின் பழைய முனையை வெட்டிவிட்டுப் புது முனை அடித்தேன். கரீம் பாய் வீட்டை நினைத்துக்கொண்டு, நம்பர் தகராறாக இருக்குமோ என்று கேமராவுக்கு யாரும் பங்குக்கு வராத தனி நம்பராகக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. வயரின் முனையில், ஓட்டைக்குள் கவ்விக்கொள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை அழுத்தித்தான் வயரை எடுக்க வேண்டும். நான் போகும்போதெல்லாம் பொட்டிப் பக்கத்து முனையில் அந்த நாக்கு உடைந்திருந்தது. நாக்கு இல்லாத முனை தொளதொளவென்று ஆடும், எப்போது வேண்டுமானாலும் நழுவும்.

அப்படித்தான் ஒருநாள் மத்தியானம் போன கேமரா திரும்ப வரவேயில்லை. ஏழுமலைக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. செல்வி ஷிஃப்டை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவர் கட்டிலில்தான் இருந்தார். செல்வி சூப்பர்வைசரிடம் அழுது, இதுதான் கடைசித் தடவை என்று சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் நான் உடைந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு, எலி கடித்திருக்குமோ என்று யோசித்தேன். செல்வி அப்போதே எலிப்பொறி வாங்கக் கிளம்பிவிட்டாள். கட்டிலிலிருந்து ஏழுமலை எனக்கு ஒத்தாசைக்கு வந்தார்: "எலியேதான் தங்கச்சி. பூனை சைசுல ஒண்ணு சுத்திகினு கீது, நானே பாத்தேன்."

சாத்தியிருந்த கதவு

அதே தெருவில் இன்னொரு வீட்டில் வேலை முடிந்து ஒரு மத்தியானம் நடந்து வந்தபோது, வயரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று செல்வி வீட்டு வாசலில் நின்றேன். எதிர்வீட்டு அக்கா, "கதவு சும்மாதான் சாத்திகீது, போ" என்றாள். தள்ளிக்கொண்டு போனால், ஏழுமலை தரையில் கிடந்தார். போன் கட்டில் மேல் இருந்தது. மஞ்சள் வயர் பொட்டியிலிருந்து பிடுங்கப்பட்டுத் தொங்கியது. எலிப்பொறியில் ஒரு துண்டு மசால் வடை காய்ந்துகொண்டிருந்தது.

தூக்கப் போனேன். "தொடாத!" என்று சத்தம் போட்டார். வலது கையால் கட்டில் காலைப் பிடித்து, பீரோவில் தோளை முட்டுக் கொடுத்து, மூச்சு வாங்க வாங்க எழுந்து நின்றார். அந்த மனிதர் நின்று நான் பார்த்ததில்லை. நல்ல உயரம். தினமும் மத்தியானம் இப்படித்தான் நடந்து பழகுகிறாராம். விழுவதைச் செல்வி பார்த்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள் என்று, அதற்கு முன்னால் ஒரு கையால் வயரை வெடுக்கென்று பிடுங்கிவிடுவார். முடிந்ததும் திரும்பச் செருகிவிடுவார். செல்வி ஓடிவந்த அன்றைக்குச் சரியாகச் செருகவில்லை. போன் அடித்தபோது தரையில் கிடந்திருக்கிறார், எட்டவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, நீங்க வுழுந்ததுக்கு அவங்க ஓடி வரல. கேமரா போச்சேன்னுதான் ஓடி வந்தாங்க. உங்களாலதான் அவங்க வேலை போவப் பாத்துது" என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு சின்னக் குரலில் சொன்னார்: "நெட்டு போச்சுன்னு உன்னத்தான் திட்டுவா, அத்தோட போயிடும்னு நெனச்சேன் தங்கச்சி."

கட்டிலுக்கு எதிரே

செல்வியிடம் சொல்ல வேண்டாம் என்றார். இதை மறைக்கிற வேலைக்கு நான் சம்பளம் வாங்கவில்லை என்றேன். முறைத்தார். அப்புறம் அவரே போனை எடுத்தார். சாப்பாட்டு நேரம் என்பதால் செல்வி உடனே எடுத்துவிட்டாள். "வயர நான்தான் புடுங்கினேன்" என்று ஆரம்பித்து, விழுந்தது எழுந்தது எல்லாவற்றையும் கட்டிலின் கம்பியைப் பார்த்தபடியே ஒப்பித்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் பழக்கதோஷத்தில் பொட்டியின் விளக்கைப் பார்த்தேன். எல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது.

அவர் போனை வைத்ததும் புது முனை அடித்து வயரை மாட்டினேன். கேமராவைக் கட்டிலிலிருந்து விலக்கி, அவர் நடந்து பழகும் தரையும் தெரிகிற மாதிரி திருப்பினேன். அந்தக் கேமராவில் பேசவும் முடியும். செல்வி கேட்காததால் நான் அதைச் சொல்லித் தரவே இல்லை. என் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டு, போனில் எந்த இடத்தை அழுத்திப் பேசுவது என்று சொன்னேன். ஏழுமலையின் போனை, விழுந்தாலும் கைக்கு எட்டும்படி கயிறு கட்டி அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டேன்.

ஏழுமலை கேமராவைப் பார்த்துவிட்டு எழுந்தார். ஒரு அடி வைத்தார். இழுத்து இழுத்து இன்னொன்று வைத்தார். மூன்றாவதில் கால் மடங்கித் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். நான் ஓடப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தது என்னை அல்ல, கேமராவை. கேமராவிலிருந்து முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது, பிறகு செல்வியின் குரல்: "எய்ந்து நில்லு மாமா. நான் இங்கயேதான் குந்திகினு கீறேன், வர மாட்டேன்."

இப்போதும் ஆபீஸில் அந்த வீட்டில் என்ன பழுது என்று கேட்டால் வயர் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் புருஷன் பெண்டாட்டிக்குப் புது முனை அடிக்கும் சாமான் என் பையில் இருப்பதாக வெளியே தெரிந்தால் ஊரே என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிடும்.